பேயைப் பார்த்தது யார்?

பேய்க்கதை வாசிக்கும்போது, பேய் உண்டா இல்லையா என்று வாதாடுகிறோம். அதைப் பார்த்தவர் யார், நமக்குச் சொல்பவர் யார் என்று கேட்டால் வேறொரு கதை தெரியவரும்.

அமெரிக்கப் புனைகதை வேர்பிடித்துவந்த காலத்தில், 1838இல், எட்கர் ஆலன் போவின் ‘லிஜியா’ வெளிவந்தது. இறந்த முதல் மனைவி, இரண்டாம் மனைவியின் உடலில் எழுந்து வருகிறாள். கட்டிலருகே விழித்திருந்து இதைச் சொல்பவன் கணவன், அபினிக்கு அடிமையானவன். அவனை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

மயிலாப்பூரிலிருந்து வந்த ‘கலைமகள்’ இதழில் 1943இல் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ வெளியானது. இங்கும் மனைவி தூங்குகிறாள், கணவன் விழித்திருக்கிறான். அவன் கதை எழுதுகிறவன். நள்ளிரவில் பிணவாடையை முகர்ந்து நடுங்குபவனும் அவனே. பிச்சை கேட்டு வந்தவளை வீட்டுவேலைக்குச் சேர்த்துக்கொள்பவளோ மனைவி. அவளுக்குப் பயமில்லை, பேச ஓர் ஆள் கிடைத்திருக்கிறாள். ஊர், உறவு, உடையவன் என்று எதுவும் தெரியாத ஒருத்தி அடுக்களைக்குள் நுழைந்து, தன் மனைவியோடு நெருங்கிவிடுகிறாள் என்பதே அவனை உலுக்குகிறது என்று நான் வாசிக்கிறேன். கடைசியில் சாம்பல் அவளை விரட்டுகிறது. மனைவி இழந்தது என்ன என்று கதை கேட்பதில்லை.

இதற்கு நம்மிடம் பழைய வேர் உண்டு. பழையனூர் நீலி, கணவன் கையால் கொலையுண்டவள். மறுபிறவி எடுத்த அவனைத் தேடிப் பேயாக வருகிறாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் கணவன் என்று ஊர்ச்சபையில் அழுகிறாள். இந்தப் பிறவிக்கு அது பொய். போன பிறவிக்கு உண்மை. அவளை நம்பி அவனுக்கு உயிர்ப்பிணை நின்ற எழுபது வேளாளர்கள், அவன் இறந்ததும் தீப்பாய்ந்தார்கள். அவர்கள் வாய்மையின் உருவமானார்கள். கொலையுண்டவளின் அழுகையோ ‘நீலிக்கண்ணீர்’ ஆயிற்று. கொலைக்கு மொழியில் ஒரு சொல்கூட மிஞ்சவில்லை.

சொல்பவர் மாறினால் பேயும் மாறும். சார்லட் பெர்கின்ஸ் கில்மன் எழுதி 1892இல் வெளிவந்த ‘மஞ்சள் சுவர்த்தாள்’ கதையில், மருத்துவக் கணவன் ஓய்வு என்ற பெயரில் ஓர் அறையில் முடக்கி வைத்த மனைவியே பேசுகிறாள். சுவர்த்தாளின் கோலத்துக்குப் பின்னால் ஒரு பெண் அடைபட்டிருப்பதை அவள் காண்கிறாள். தாளைக் கிழித்து அவளை விடுவிக்கிறாள். முடிவில் மயங்கி விழுபவன் கணவன்.

காஞ்சனையின் கதையை அந்த மனைவியும், நீலியின் கதையை நீலியும் சொல்லும் எழுத்து நமக்கு வேண்டும். அதுவரை, ஒருத்தி அழும்போது ‘நீலிக்கண்ணீர்’ என்று யாராவது சொன்னால், அவளை முதலில் கொன்றது யார் என்றாவது கேட்போம்.