இரண்டு பேர் போதும் என்ற பிடிவாதம்

டெட்ராய்ட் நகரில் 1997இல் ஜாக் வைட்டும் மெக் வைட்டும் தொடங்கிய ‘தி வைட் ஸ்ட்ரைப்ஸ்’, ஆறு ஆல்பங்களைத் தந்துவிட்டு 2011 பிப்ரவரியில் கலைந்தது. அறுபதுகளின் கேரேஜ் ராக்குக்கு மறுவாழ்வு கொடுத்த குழுக்களில் இவர்களுக்கே முதலிடம் என்பது பலரின் கட்சி. அந்தப் புகழ் தகுமா?

எல்லாம் வேஷம் என்பது பழைய குற்றச்சாட்டு. சிவப்பு, வெள்ளை, கறுப்பு தவிர வேறு நிறம் கிடையாது. மணமுறிவு பெற்ற இருவரும் அக்கா தம்பி என்று சொல்லிக்கொண்டார்கள். வேஷம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் இசையில் கடைப்பிடித்த கட்டுப்பாடு அசல். ‘எலிஃபன்ட்’ (2003) ஆல்பத்தில் பெரும்பகுதியை லண்டனின் டோ ராக் ஸ்டுடியோவில், எட்டு டிராக் கருவியில், கணினியைத் தொடாமல் பதிவு செய்தார்கள். குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவரே இல்லை. ஒருவர் தடுமாறினால் மறைக்க மூன்றாவது ஆள் கிடையாது.

மெக்குக்கு டிரம்ஸ் வராது என்பது அடுத்த குறை. ‘செவன் நேஷன் ஆர்மி’யைக் கவனித்துக் கேளுங்கள். தொடக்கத்தில் பேஸ் போல ஒலிப்பது, பெடலால் ஒரு ஸ்தாயி கீழே இறக்கிய கிட்டார். அதனடியில் மெக் ஒரே சீராக அடித்துக்கொண்டு போகிறார். கிட்டார் வெடிக்கும் இடத்தில்தான் சிம்பல் முழங்குகிறது. கைவேகம் காட்டுகிற டிரம்மர் அந்த வெற்றிடத்தை நிரப்பிப் பாட்டைக் கெடுத்திருப்பார். உலகெங்கும் கால்பந்து ரசிகர்கள் சொற்களை விட்டுவிட்டு அந்தத் தொடக்க கிட்டாரின் ஏழு ஸ்வரங்களை மட்டும் முழங்குகிறார்கள் என்றால், காரணம் இந்தச் சிக்கனமே.

மூன்றாவது குறைக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. 2003க்குப் பின் தரம் ஏறி இறங்கியது. ‘கெட் பிஹைண்ட் மி சேட்டன்’ (2005) பியானோ, மரிம்பா என்று புதுத் திசையில் போனது. துணிச்சல் இருந்த அளவுக்குப் பாட்டுகளில் பலம் இல்லை. ‘ஐக்கி தம்ப்’ (2007) கிட்டாருக்குத் திரும்பியது; ஓசை பெருத்தது, வியப்பு குறைந்தது.

தனி ஆல்பமாக எடுத்தால், கேரேஜ் ராக்குக்கு மறுவாழ்வு கொடுத்த இன்னொரு குழுவான ‘தி ஸ்ட்ரோக்ஸ்’ தந்த ‘இஸ் திஸ் இட்’ (2001) இன்னும் கச்சிதமானது. ஆனால் அந்த உயரத்தை அவர்கள் மறுபடி தொடவில்லை. வைட் ஸ்ட்ரைப்ஸோ ‘டி ஸ்டெய்ல்’ (2000), ‘வைட் பிளட் செல்ஸ்’ (2001), ‘எலிஃபன்ட்’ என்று மூன்று முறை படிப்படியாக ஏறினார்கள். ஆறில் மூன்று நிற்கும், மற்றவை ரசிகர்களுக்கு. முதலிடத்துக்கு அந்த மூன்றே போதும்.