எடுத்தலும் கொள்ளுதலும்: ஓர் ஆங்கில வினையும் அதன் பெயர்ப்புகளும்

மொழிபெயர்ப்பாளரின் திறத்தை அளப்பவை அருஞ்சொற்கள் எனப் பலரும் கருதுவர். அருஞ்சொல்லுக்குப் பொருள் காண்பது எளிது. அகராதியைப் புரட்டினால் ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே நிற்கும். நாள்தோறும் நாவிற் பயிலும் எளிய வினைகளே உண்மையில் இடர் விளைப்பவை. ஆங்கிலத்தில் ‘டேக்’ என வழங்கும் வினை அத்தகையது. அவ்வினையின் பொருள்கள் தமிழிலும் துருக்கிய மொழியிலும் எவ்வாறு பெயர்க்கப்படுகின்றன என்பதை ஒப்புநோக்கி, நம் அகராதி முறையிலும் நடைதிருத்தும் முறையிலும் உள்ள ஒரு குறையை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது எம் பிழையே. பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர் குடியிற் பிறந்த மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டில், ‘திருமணப் பட்டு எடுக்க வந்தோர்’ என எழுதியிருந்தார். அத்தொடர் ஆங்கில வழக்கின் நிழல் எனக் கருதி, ‘வாங்க வந்தோர்’ எனச் செம்மையினால் திருத்தினோம். மாணவர் மறுத்துரைக்கவில்லை. சில திங்கள் கழித்து அவ்வூர்க் காந்தி சாலையில் நின்றபோது, ஊர்தியிலிருந்து இறங்கிய முதிய பெண்டிர் பலரும், ‘பட்டு எடுக்க வந்திருக்கிறோம்’ என்றே கூறக் கேட்டோம். ஆங்கிலம் அறியாத நாவில் ஆங்கில நிழல் எங்ஙனம் படியும்? திருத்தப்பட வேண்டியது எம் திருத்தமே என அன்று தெளிந்தோம்.

துருக்கியம் எற்றுக்கு?

ஆங்கிலத்தையும் தமிழையும் மட்டும் நிறுத்தி ஒப்பிடின், வேறுபாடு தோன்றும் இடமெல்லாம் ஒன்று தமிழின் குறைவாகவோ, அன்றி ஆங்கிலத்தின் கேடாகவோ தோன்றும். மூன்றாவதொரு சான்று இருப்பின் இம்மயக்கம் நீங்கும். துருக்கியம் தமிழைப் போலவே வினையை இறுதியில் நிறுத்துவது; ஒட்டுக்களை அடுக்கிச் சொல்லாக்குவது. இவ்வொற்றுமை கண்ட கால்டுவெல், 1856இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளைச் ‘சித்தியம்’ எனத் தாம் அழைத்த பெருங்குழுவோடு தொடர்புபடுத்தினார். துருக்கியமும் அக்குழுவில் அடங்கியது. அவ்வினக்கொள்கையை இன்றைய மொழிநூலார் ஏற்பதில்லை. ஆதலின், கீழே யாம் காட்டும் ஒற்றுமைகளை உறவுக்குச் சான்றாகக் கொள்ளுதல் கூடாது. அவை அமைப்பால் ஒத்த இரு மொழிகள் ஓர் அயல்மொழி வினையை எதிர்கொள்ளும் வகையையே காட்டுவன.

பெறுதலும் விலைக்குக் கொள்ளுதலும்

‘டேக்’ என்பதற்கு நேராகத் துருக்கிய அகராதிகள் முதலில் வைப்பது ‘அல்மக்’ என்னும் வினை. ஆயின், அச்சொல் பெறுதலையும் விலைக்கு வாங்குதலையும் ஒருங்கே உணர்த்தும். ‘எக்மெக் அல்தம்’ என்பது ‘ரொட்டி வாங்கினேன்’ எனப் பொருள்படும். தமிழின் ‘வாங்கு’ என்பதும் அவ்வாறே. ‘கடிதம் வாங்கினான்’ என்புழிப் பெறுதலையும், ‘அரிசி வாங்கினான்’ என்புழி விலைக்குக் கொள்ளுதலையும் குறிக்கும். பழந்தமிழில் இவ்விரு பொருளையும் தாங்கிநின்ற வினை ‘கொள்’ என்பதாகும். ‘கொள்முதல்’, ‘கொள்விலை’ என்னும் சொற்களில் அப்பொருள் இன்றும் நிலைத்துள்ளது.

வாணிகத்தைக் குறிக்கும் துருக்கியச் சொல் ‘அலிஷ்வெரிஷ்’. கொள்ளுதல், கொடுத்தல் என்னும் இரண்டன் கூட்டு அது. நம் வழக்கோ ‘கொடுக்கல் வாங்கல்’. இரு குடும்பங்கள் மணவுறவு கொள்வதைத் துருக்கியர் ‘பெண் கொண்டு கொடுத்தல்’ என்னும் பொருளுடைய தொடராற் கூறுவர். நாம் ‘கொள்வினை கொடுப்பினை’ என்கிறோம். ஆங்கில வினையைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் இந்நுட்பங்களுள் ஒன்றையும் எட்டார்.

பற்றுதல்

இனி, ஆங்கிலத்தில் இவ்வினை செயப்படுபொருள் இன்றி வரும் இடம் ஒன்றைக் காண்போம். சாயம் துணியில் ஊன்றினாலும், ஒட்டுச்செடி கிளையோடு பொருந்தினாலும், நட்ட கன்று வேரூன்றினாலும் ஆங்கிலத்தில் இதே வினை வரும். இங்குத் துருக்கியம் ‘அல்மக்’ என்பதைக் கைவிட்டு, ‘பிடித்தல்’ எனப் பொருள்படும் ‘துத்மக்’ என்பதை ஆள்கின்றது. தமிழும் ‘எடு’ என்பதைக் கைவிட்டுப் ‘பிடி’ என்பதையே ஆள்கின்றது. ‘நூலிற் சாயம் நன்றாகப் பிடித்திருக்கிறது’ என்பது சாயம் தோய்ப்போர் வழக்கு. கன்று வேர் பிடித்தது என்பது உழவர் வழக்கு. பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் ஒருவரிடம், ‘சாயம் எடுத்ததா?’ என வினவினால், நூலிலிருந்து சாயம் நீக்கப்பட்டதா என்றே அவர் எண்ணுவார். அகராதி முதற்பொருளாகத் தந்த சொல் இங்கே நேர்மாறான பொருளைத் தந்துவிடுகின்றது.

காலம் செல்லுதலும் அவ்வாறே. ‘ஒரு சேலையை நெய்து முடிக்கப் பல நாள் பிடிக்கும்’ என்பது நம் பழவழக்கு. ‘பல நாள் எடுக்கும்’ என்பது பிற்காலத்தது. துருக்கியத்தில் ‘ஸமான் அல்மக்’ எனக் காலம் கொள்ளுதலாகவும் கூறுவர். ‘சுர்மெக்’ என நீடித்தலாகவும் கூறுவர்.

வினை மாறும் இடங்கள்

மூன்று மொழிகளும் மூன்று வழியிற் பிரியும் இடங்கள் மிக்க பயன் தருவன. தேர்வை ஆங்கிலத்தார் ‘எடுக்கின்றனர்’, துருக்கியர் அதனுள் ‘நுழைகின்றனர்’, நாம் ‘எழுதுகிறோம்’. நிழற்படத்தைத் துருக்கியர் ‘இழுக்கின்றனர்’. நாம் ‘பிடிக்கிறோம்’ எனவும் ‘எடுக்கிறோம்’ எனவும் கூறுகிறோம். மருந்தைத் துருக்கியர் ‘குடிக்கின்றனர்’; நாம் ‘உண்கிறோம்’ அல்லது ‘உட்கொள்கிறோம்’. மூச்சைத் துருக்கியர் ஆங்கிலத்தார் போலவே ‘கொள்கின்றனர்’. தமிழில் ‘மூச்சு வாங்குகிறது’ எனின் அது இளைப்பைக் குறித்துவிடும்.

இவற்றால் பெறப்படுவது யாது? வினை தனித்து நின்று பொருள் தருவதன்று. தான் சார்ந்த பெயரோடு கூடியே பொருள் தரும். எனவே, பெயர்ப்புக்குரிய அலகு வினை அன்று, பெயரும் வினையும் இணைந்த தொடரே ஆகும்.

இவ்வுண்மை நம் இலக்கணத்தார்க்குப் புதியதன்று. கொடுத்தற்பொருளில் வரும் ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ என்னும் மூன்றனையும் தொல்காப்பியச் சொல்லதிகாரம் இரப்போனின் நிலைக்கேற்ப வரையறுக்கின்றது. இழிந்தோன் ‘ஈ’ எனவும், ஒத்தோன் ‘தா’ எனவும், உயர்ந்தோன் ‘கொடு’ எனவும் கேட்பர் என்பது அதன் கருத்து. பொருள் ஒன்றாயினும் சூழல் வேறாயின் சொல் வேறாகும் எனக் கண்ட மரபு நம்முடையது. அம்மரபில் வந்த நாம் வினைக்கு நேர்வினை என வரிசை இட்டு அமைதல் பொருந்துமா?

‘எடு’ என்பதன் இயல்பு

தமிழ் ‘எடு’ என்பதன் அடிப்பொருள் உயர்த்துதல், எழுதல் என்பது யாம் கொண்ட முடிபு. பாம்பு படம் எடுக்கிறது, அடியவர் காவடி எடுக்கின்றனர், பசி எடுக்கிறது. சிலப்பதிகாரத்தின் ஒரு பகுதிக்கு ‘இந்திரவிழவூரெடுத்த காதை’ என்றே பெயர். இவற்றுள் எதுவும் ஆங்கிலத்திலிருந்து வந்ததன்று. பசியை ‘எடுக்கும்’ வழக்கு ஆங்கிலத்தில் இல்லை. துணி எடுத்தலும் இவ்வினத்ததே. வணிகர் விரித்துப் போட்ட பலவற்றுள் ஒன்றைத் தேர்ந்து கையில் உயர்த்தும் செயலே அப்பெயர் பெற்றது எனக் கருதுகிறோம். அரிசியையும் பருப்பையும் அளந்து ‘வாங்கும்’ மக்களே பட்டைத் தேர்ந்து ‘எடுக்கின்றனர்’. இவ்வேறுபாட்டைக் காத்து நிற்பது மக்கள் வழக்கு. அதனை அழிக்க முற்பட்டது எம் செம்மை.

மறுதலையாக, உண்மையிலேயே அயல்நிழலான தொடர்களும் உள்ளன. ‘குளியல் எடுத்தான்’ என இற்றை நாளில் எழுதுகின்றனர். ‘குளித்தான்’, ‘நீராடினான்’ என ஒரே வினை நிற்கும் இடத்தில் இது வீணான பெருக்கம். துருக்கியத்திலும் ‘துஷ் அல்மக்’ என்னும் இத்தகைய தொடர் பரவியுள்ளது. தன்னைத் தான் கழுவிக்கொள்ளுதலை ஒரே சொல்லால் உணர்த்தும் ‘யிகன்மக்’ என்னும் வினை அம்மொழியில் இருக்கவும் இது வழங்குகின்றது. ‘பேருந்து எடுத்து வாருங்கள்’ என்பது மற்றொன்று. தமிழில் வண்டியை எடுத்தல் அதனைச் செலுத்தத் தொடங்குதல். எனவே அத்தொடர் விருந்தினரை ஓட்டுநர் ஆக்கிவிடும். துருக்கியத்தில் ‘தக்சி அல்மக்’ என அப்படியே பெயர்த்தால், வாடகை ஊர்தியை விலைக்கு வாங்குதல் என்னும் பொருளே முந்தித் தோன்றும். அவர்தம் மரபுவினை ‘பின்மெக்’, அஃதாவது ஏறுதல்.

அளவுகோல்

இவ்விரு வகையையும் பிரித்தறிய இரண்டு வினாக்களை முன்வைக்கிறோம். புதிய தொடர், மொழியில் முன்னரே வேறு பொருளில் வழங்கும் தொடரோடு மோதுகின்றதா? ஒரே வினையால் உணர்த்தத்தக்க பொருளை அது பெயரும் வினையுமாக நீட்டுகின்றதா? இரண்டனுள் ஒன்றற்கு ‘ஆம்’ என விடை வரின் தொடரை விலக்குக. இரண்டற்கும் ‘அன்று’ எனின், தொடர் புதியதாயினும் ஏற்க. ‘நடவடிக்கை எடுத்தல்’ இவ்வளவுகோலில் தேறும். ‘குளியல் எடுத்தல்’ தேறாது. ‘பல நாள் எடுக்கும்’ என்பதும் தேறும். எம் செவிக்கு அது இனிக்கவில்லை என்பது விலக்கற்குப் போதிய காரணம் ஆகாது. ‘பட்டு எடுத்தல்’ இத்தேர்வுக்கே வரவேண்டியதில்லை. அது மண்ணின் வழக்கு.

இதனைப் பழமை பேணுதல் எனவும், அயன்மை வெறுத்தல் எனவும் கொள்ளற்க. ‘டேக்’ என்பதே ஆங்கிலத்துக்கு அயற்சொல். பழைய ஆங்கிலத்தில் இப்பொருளில் வழங்கியது ‘நிமன்’ என்னும் வினை. ஸ்காண்டிநேவியர் மொழியிலிருந்து புகுந்த ‘தாக்கா’ அதனை வழக்கிலிருந்து அகற்றிற்று. வந்த சொல் நிலைபெறுதல் மொழிகளுக்கு இயல்பு. உள்ள சொல்லின் பொருளைக் குழப்புவதே கேடு.

அகராதியாளர்க்கு

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி நூல்வழக்கைத் தொகுத்த பெரும்பணி. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, சொற்களை எடுத்துக்காட்டுத் தொடர்களோடு நிறுத்தி ஒரு புதுவழி காட்டிற்று. ஆயின், மாணவர் கையில் நாளும் புரளும் ஆங்கிலம்–தமிழ்க் கையகராதிகள் பல இன்னும் ஒரு வினைக்கு நேராகப் பத்துச் சொற்களைக் காற்புள்ளியிட்டு அடுக்கி அமைகின்றன. எச்சொல் எப்பெயரோடு வரும் என்பதை அவை கூறா. மாணவர் முதற்சொல்லைப் பற்றிக்கொள்கின்றார். ஆசிரியரோ அப்பிழைகளைக் கண்டு சினந்து, பிழையல்லாதவற்றையும் உடன் களைகின்றார். யாம் செய்ததும் அதுவே.

ஆதலின், வினைகளை அவை சேரும் பெயர்களின் அடிப்படையிற் பகுத்து, சாயம், வேர், தேர்வு, மருந்து, துணி, ஊர்தி எனத் துறைதோறும் தொடரைத் தரும் ஆங்கிலம்–தமிழ் அகராதி ஒன்று வேண்டும். அதற்குரிய தரவு நூலகத்தில் மட்டும் கிட்டாது. தறிமேடையிலும், சாயத் தொட்டியருகிலும், பட்டுக் கடையின் பாய்மீதும் அமர்ந்து செவியாற் கொள்ளவேண்டுவது அது. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்த் தொழில்வழக்கிலிருந்து ஐந்து வினைகளைத் தேர்ந்து இவ்வாறு தொகுப்பின், சில ஆண்டுகளில் அப்பணிக்கு அடிப்படை அமையும்.

அம்மாணவரின் ஆய்வேட்டில் யாம் செம்மையால் அடித்த சொல்லை, அவர் அனுமதியோடு மீண்டும் எழுதிவிட்டோம்.