‘என் இனிய இயந்திரா’வில் ஆட்சியும் குடிகளும்

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, இளம் வாசகர் பலரை அறிவியல் புனைவின்பால் ஈர்த்தது. சர்வாதிகாரி ஜீவாவின் ஆட்சியில் பெயர் ஈரெழுத்தில் அடங்கவேண்டும். பிள்ளை பெற அரசின் இசைவு வேண்டும். இது வெற்று ஊகமன்று. 1976இல் தில்லி துர்க்மான் கேட்டில் வீடிடிப்பையும் கருத்தடை நெருக்குதலையும் எதிர்த்தோர் சுடப்பட்ட பின்னர் எழுதப்பட்ட புதினம் இது. பெயரைக் குறுக்குதல் என்னும் ஒரு விதியே அவ்வாட்சியின் இயல்பை விளக்கவுரையின்றி உணர்த்திவிடுகிறது. புதினத்தின் தலையாய வலிமை இதுவே எனலாம்.

காணாமற்போன கணவன் சிபியைத் தேடும் நிலாவின் தவிப்பு முற்பகுதியில் உண்மையாக அமைகிறது. இயந்திர நாய் ஜீனோ சிந்திக்கத் தொடங்கியதும் அவளுக்காக அதுவே சிந்திக்கிறது. ஜீனோவின் நகைச்சுவைக்கு மயங்காதார் அரியர், யானும் விலக்கல்லேன். ஆயினும் அந்நகைச்சுவையால் ஆட்சியின் அச்சம் கரைகிறது. குடிமக்களோ இறுதிவரை பார்வையாளராகவே நிற்கின்றனர்.