விஞ்ஞானப் புனைகதைத் தொடர்களும் கிளைக்கதையின் இழப்பும்

கலைவடிவம் ஒன்றின் நீளத்தைக் கலைஞனின் விருப்பம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதனை ஆக்குவோர், விற்போர், நுகர்வோர் ஆகிய முத்தரப்பினருக்கும் இடையிலான உறவே பெரும்பாலும் அதன் அளவை வரையறுக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல்கள் பலவற்றின் பருத்த உருவத்துக்கும் பல்கிய பாத்திரங்களுக்கும் அவை மாதாந்தப் பகுதிகளாக வெளிவந்தமை ஒரு முக்கிய காரணமாகும். அமெரிக்கத் தொலைக்காட்சியின் விஞ்ஞானப் புனைகதைத் தொடர்களை நோக்குமிடத்தும் இவ்வுண்மை புலனாகும். இருபதுக்கு மேற்பட்ட அங்கங்களைக் கொண்டிருந்த ஓராண்டுப் பருவம் இன்று பத்தாகவும் எட்டாகவும் சுருங்கியுள்ளது. இச்சுருக்கம் கதையமைப்புக்கு இறுக்கத்தைத் தந்தது என்பர் ஒரு சாரார். அது மறுக்கற்பாலதன்று. எனினும் அவ்விறுக்கத்தின் பொருட்டு எது கைவிடப்பட்டது என்பதும் ஆராயப்படல் வேண்டும்.

மாற்றத்தின் பொருளாதார அடிப்படை தெளிவானது. 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான 'ஸ்டார் ட்ரெக்' 79 அங்கங்களுடன் நிறுத்தப்பட்டது. ஆயினும் மறுஒளிபரப்புகளின் மூலமே அது பெரும் புகழ் எய்தியது. ஏறத்தாழ நூறு அங்கங்கள் கொண்ட தொடரையே உள்ளூர் நிலையங்கள் நாள்தோறும் காட்டுவதற்கு விரும்பி வாங்கின. ஆகவே எண்ணிக்கையே இலாபமாயிற்று. 'அடுத்த தலைமுறை' எனப் பொருள்படும் பெயருடன் 1987இல் தொடங்கிய இரண்டாவது தொடர் 1994 வரை ஏழு பருவங்களில் 178 அங்கங்களைக் கண்டது. இணையவழிச் சந்தா நிறுவனங்களுக்கோ மறுஒளிபரப்புச் சந்தை இன்றியமையாததன்று. புதிய சந்தாதாரரை ஈர்க்கும் புதுமையும் பொருட்செலவு மிக்க காட்சிகளுமே அவற்றுக்கு வேண்டியன. இந்நிலையில் 2017இல் 15 அங்கங்களுடன் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்: டிஸ்கவரி' 2024இல் வெளியான தன் இறுதிப் பருவத்திற் பத்து அங்கங்களாகக் குறுகியது.

நீண்ட பருவங்களைப் பொற்காலமெனப் போற்றுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. வாரந்தோறும் ஓர் அங்கம் என்னும் நிர்ப்பந்தம் சலிப்பூட்டும் படைப்புகள் பலவற்றுக்குக் காரணமாயிற்று. 'அடுத்த தலைமுறை'யின் இரண்டாவது பருவம் 1989இல் முடிவுற்றபோது, செலவைக் குறைப்பதற்காகப் பழைய காட்சிகளை ஒட்டித் தைத்த ஓர் அங்கமே இறுதியாக வெளியாயிற்று. ஓர் அங்கத்தில் நேர்ந்த துயரம் அடுத்த அங்கத்தில் மறக்கப்படுவதும் அக்காலத் தொடர்களின் பொதுவான குறையாகும்.

ஆயின் அதே பருவத்திலேயே 'ஒரு மனிதனின் அளவு' எனத் தமிழிற் கூறத்தக்க அங்கமும் இடம்பெற்றது. டேற்றா என்னும் இயந்திர மனிதனைப் பிரித்து ஆராய விரும்புகிறான் ஒரு விஞ்ஞானி. டேற்றா தன் விருப்பப்படி மறுக்கும் உரிமையுடைய ஓர் ஆளா, அன்றி விண்படையின் உடைமையா என்பது விசாரணைக்கு வருகின்றது. அவனுடைய நண்பனான அதிகாரியே சட்டத்தின் கட்டாயத்தால் அவனுக்கு எதிராக வாதாட நேர்கின்றது. போர் இல்லை, வெடிப்பு இல்லை, உலகம் எதுவும் அழியப்போவதில்லை. ஓர் அறையிற் சிலர் வாதிடுகின்றனர். அவ்வாதம் அடிமைமுறையின் வரலாற்றை நினைவூட்டும் இடத்துக்கு வந்து சேர்கின்றது. 'இவ்வாறிருப்பின் என்னாகும்?' என்னும் வினாவை எழுப்பி அதன் அறவிளைவுகளைத் தொடர்ந்து செல்வதே விஞ்ஞானப் புனைகதையின் சிறப்பியல்பு எனக் கொண்டால், அவ்வியல்பு முழுமையாக வெளிப்பட்ட இடம் இதுவாகும். மையக்கதையை ஓரடியேனும் முன்னகர்த்தாத கிளைக்கதை இது என்பது மனங்கொள்ளத்தக்கது.

தமிழ்க் காப்பியங்களிற் பயின்றோர்க்கு இது புதிதன்று. மணிமேகலையில் ஆபுத்திரன் கதை மையக்கதையின் ஓட்டத்தைத் தடுத்து நிறுத்துகின்றது. ஆயினும் பசியைப் போக்குதலே அறம் என்னும் அக்காப்பியத்தின் நோக்கு அங்கேதான் உருவும் உயிரும் பெறுகின்றது. அதனை நீக்கிவிட்டால் கதை விரைந்து செல்லும், காப்பியம் மெலியும்.

கிளைக்கதைக்கு இடமின்றேல் யாது நேரும் என்பதற்கு 'டிஸ்கவரி'யின் இரண்டாவது பருவம் சான்றாகும். ஏரியம் என்பவள் விபத்தொன்றின் பின் உடலின் பெரும்பகுதி இயந்திரமாக்கப்பட்ட பெண். கப்பலின் தளத்தில் நெடுநாள் பின்னணி உருவமாகவே நின்றவள். 2019இல் வெளியான ஓர் அங்கத்தில் அவளுடைய கடந்தகாலம், இழந்த கணவன், நினைவுகளைத் தெரிந்தெடுத்துச் சேமிக்கும் அவளது வழக்கம் ஆகியன முதன்முறையாக விரிவாகக் காட்டப்படுகின்றன. அதே அங்கத்தில் அவள் இறக்கின்றாள். நினைவுகளிற் சிலவற்றை வைத்துச் சிலவற்றை அழிக்க வேண்டிய ஒருத்தியின் வாழ்வு, தனியே ஆராய்வதற்கு எத்துணை பெரிய வினா! அதற்கு நேரமில்லை, உயிரினம் அனைத்தையும் அழிக்கவல்ல செயற்கை மதியொன்றினைத் தடுக்கும் மையக்கதை காத்திருக்கின்றது. டேற்றா ஆளா உடைமையா என வினவிய மரபிலே வந்த தொடர், ஏரியத்தின் வாழ்வை அவளது மரணத்துக்கான முன்னுரையாகவே பயன்படுத்தியது. பார்வையாளரிடம் கண்ணீர் கோரப்படுகின்றது. அக்கண்ணீருக்குரிய பழக்கம் ஏற்படுத்தப்படவில்லை.

இதற்கு மாறான சான்றும் உண்டு. ரொனி கில்ரோய் உருவாக்கிய 'அன்டோர்' 2022இலும் 2025இலும் பருவத்துக்குப் பன்னிரண்டாக 24 அங்கங்களையே கொண்டது. ஆயினும் அது ஒவ்வொரு பருவத்தையும் ஒரே நெடுங்கதையாக இழுத்துச் செல்லவில்லை. இரண்டாவது பருவம் மும்மூன்று அங்கங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியும் ஓராண்டைத் தாண்டி அமைகின்றது. முதற் பருவத்தின் சிறைப்பகுதியில், கைதிகள் முறைவைத்து இயந்திர உறுப்புகளைப் பொருத்தும் வேலை பொறுமையுடன் காட்டப்படுகின்றது. வேலை, போட்டி, தண்டனை, களைப்பு என்னும் அன்றாட ஒழுங்கினூடாகவே பேரரசின் கொடுமை உணர்த்தப்படுகின்றது. அங்கங்களின் குறைவு தானாகவே கிளைக்கதையைக் கொன்றுவிடுவதில்லை என்பதை இத்தொடர் நிறுவுகின்றது. பருவத்தை ஒரு நீண்ட திரைப்படமாகக் கருதி, ஒவ்வொரு முறையும் அண்டத்தையே அழிவின் விளிம்பில் நிறுத்தும் மனப்பாங்கே கேடு விளைப்பது. குறுகிய பருவம் அம்மனப்பாங்குக்குத் தூண்டுதலாக அமைகின்றது, கட்டாயப்படுத்துவதன்று.

இழப்பு திரையோடு முடிவதுமன்று. 'ஒரு மனிதனின் அளவு' அங்கத்தை எழுதிய மெலிண்டா ஸ்னொட்கிராஸ் சட்டம் பயின்றவர். எவரும் கேளாமல் தாமே எழுதி அனுப்பிய பிரதியின் மூலமே அத்தொடரில் நுழைந்தார். ரொனால்ட் டி. மூரும் அவ்வாறே 1989இல் நுழைந்தவர். ஆண்டுக்கு இருபத்தாறு கதைகள் தேவைப்பட்ட இடத்திற் புதியவருக்கும் வாயில் திறந்திருந்தது. பத்துக் கதைகள் போதுமான இடத்தில் எழுத்தாளர் குழுவும் வேலைநாட்களும் சுருங்குகின்றன. 2023இல் அமெரிக்கத் திரை எழுத்தாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் முக்கிய கோரிக்கைகளுள் எழுத்தாளர் குழுவின் குறைந்தபட்ச எண்ணிக்கையும் வேலைக்காலமும் இடம்பெற்றமை தற்செயலானதன்று. கிளைக்கதை எழுதப் பழகாத தலைமுறையிடம் நாளை கிளைக்கதையை எதிர்பார்த்தல் இயலாது.

எனவே விமர்சகன் அங்கங்களை எண்ணிக்கொண்டிருப்பதிற் பயனில்லை. ஒரு தொடர் தன் கற்பனை உலகில் வேலை செய்வோரையும் உண்போரையும் வாதிடுவோரையும், ஆபத்து எதுவும் நேராத வேளையிலும், எத்துணை நேரம் காட்ட முன்வருகின்றது என்பதையே அவன் நோக்குதல் வேண்டும். அந்நேரத்தை ஒதுக்கும் தொடர் பத்து அங்கங்களிலும் விஞ்ஞானப் புனைகதையாக நிற்கும். ஒதுக்காதது இருபத்தாறு அங்கங்கள் ஓடினும் விண்வெளியிலே நிகழும் துரத்தற்கதையாகவே அமையும்.