இடைவேளை யாருக்குச் சொந்தம்?

2026 உலகக் கிண்ண இறுதிப் போட்டியின் இடைவேளையில் கலை நிகழ்ச்சி நடக்கும் என்று 2025 மார்ச்சில் ஃபீஃபா தலைவர் ஜியானி இன்ஃபான்டினோ அறிவித்தார். உலகக் கிண்ண வரலாற்றிலேயே அது முதல் தடவை. யார் யார் பாடுவது என்பதைக் கோல்ட்ப்ளே குழுவின் கிறிஸ் மார்ட்டின் பார்த்துக்கொள்வார் என்றும் சொன்னார். அதே ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி நோர்வே மிலானில் இத்தாலியை 4-1 என்று வென்று, 28 ஆண்டுகளுக்குப் பிறகு உலகக் கிண்ணத்துக்குள் நுழைந்தது. எட்டு ஆட்டங்களிலும் வெற்றி, அடித்த கோல்கள் 37, அதில் முன்கள வீரர் ஹாலண்ட் மட்டும் 16. மறுநாள் ஒஸ்லோ நகரசபை முன்றலில், உறைபனிக் குளிரில், பல்லாயிரம் பேர் கூடி வீரர்களை வரவேற்றார்கள்.

சனம் கொண்டாட்டத்தைத்தானே விரும்புகிறது, இடைவேளையில் கொஞ்சம் பாடினால் என்ன குற்றம் என்று கேட்பவர்கள் இந்த முன்றலைத்தான் காட்டுவார்கள். எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் வேறு மைதானங்களில் எழுந்த எதிர்ப்பு விசில் சத்தத்தைக் காட்டி, இரசிகர் தீர்ப்பளித்துவிட்டார் என்பார்கள். இரண்டு தரப்புமே கூட்டத்தின் சத்தத்தை அளவுகோலாக எடுக்கின்றன. சத்தம் ஒரு சாட்சி மட்டும்தான். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்க முடியாது.

இந்த ஆசை வருவது அமெரிக்காவின் சூப்பர் போலில் இருந்து. ஒஸ்லோ நேரப்படி ஞாயிறு நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரைக்குத் தொடங்கும் ஆட்டம் அது. பாட்டு வரும்போது இரண்டு மணியாகிவிடும். விழித்திருந்து பார்ப்பவர்கள் இங்கே நோர்வேயிலும் உண்டு. ஒஸ்லோவின் வாலரெங்கா கழகத்தின் பெயரிலேயே ட்ரோல்ஸ் என்றோர் அமெரிக்க ஃபுட்போல் அணி இருக்கிறது. 2025இல் கென்ட்ரிக் லமாரின் இடைவேளை நிகழ்ச்சிக்கு 13.35 கோடிப் பார்வையாளர்கள். ஆட்டத்துக்குச் சராசரியாக 12.77 கோடி. ஆட்டத்தை இடைவேளை முந்திவிட்டது. இந்தக் கணக்கைப் பார்த்து ஃபீஃபாவின் வாயில் எச்சில் ஊறியதில் வியப்பில்லை.

ஆனால் அந்த நிகழ்ச்சி எதற்காக இப்படி வளர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1992இல் சூப்பர் போல் இடைவேளை நேரம் பார்த்து ஃபொக்ஸ் தொலைக்காட்சி தன் நகைச்சுவை நிகழ்ச்சியை ஒளிபரப்பி, கோடிக்கணக்கானோரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே மைக்கேல் ஜாக்சனை மேடையேற்றினார்கள். அதாவது ஓடிப்போகிற பார்வையாளரைப் பிடித்து வைக்கக் கொடுத்த மருந்து. அந்த ஆட்டமும் சில விநாடி ஓடி, நின்று, விளம்பரம் பார்த்து, மறுபடி ஓடுகிற ஆட்டம். இன்னும் பத்து நிமிடம் நின்றால் அதன் இயல்பு கெட்டுவிடாது. 45 நிமிடம் மூச்சு விடாமல் ஓடும் உதைபந்தாட்டத்துக்கு அந்த நோய் இல்லை. மருந்தை மட்டும் வாங்கி வருகிறார்கள்.

இடைவேளையின் அருமையைத் தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. திருப்பம் ஒன்றை வைத்து ஆளை வெளியே விடுவார் இயக்குநர். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியைப் பற்றி வாக்குவாதம் நடக்கும். படத்துக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் அந்த நேரம் திரைக்கு முன்னால் வந்து பாடினால், அவர் எவ்வளவு நல்ல பாடகராக இருந்தாலும், முதல் பாதி கலைந்துபோகும். 0-1 என்று பின்தங்கிய அணியின் இரசிகர் இடைவேளையில் செய்வதும் அதே வாக்குவாதம்தான்.

விசில்களுக்கு வருவோம். 2017 மே 27, பெர்லின் ஒலிம்பிக் மைதானம், ஜெர்மன் கிண்ண இறுதிப் போட்டி. டோர்ட்முண்டும் ஃபிராங்க்ஃபுர்ட்டும் மோதின. இடைவேளையில் ஜெர்மனியின் மிகப் பெரிய பாடகிகளில் ஒருவரான ஹெலெனே ஃபிஷர் பாடினார். எதிரெதிராக நின்ற இரண்டு அணிகளின் இரசிகர்களும் ஒன்றாகச் சேர்ந்து விசிலடித்தார்கள். ஆட்டத்தை டோர்ட்முண்ட் 2-1 என்று வென்றது. ஆனால் அன்று நினைவில் நின்றது அந்த விசில்தான். 2022 மே மாதம் பாரிஸில் சம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டிக்கு முன் கமிலா கபேயோ பாடியபோது, இரசிகர்கள் தங்கள் அணிப் பாட்டுகளை உரத்துப் பாடி அவருடைய குரலை மூழ்கடித்தார்கள்.

பாரிஸ் உதாரணம் என் பக்கத்து வாதத்தைச் சிக்கலாக்குகிறது. அங்கே பாட்டு இடைவேளையைத் தொடவில்லை. வீரருடைய நேரம் ஒரு நிமிடமும் பறிபோகவில்லை. பிறகு ஏன் எதிர்ப்பு? நேரம் பறிபோனதால் மட்டும் இரசிகர் கோபப்படுவதில்லை என்பதுதான் பதில். மைதானத்தின் ஒலி தங்களுடையது என்று அவர்கள் நினைக்கிறார்கள். அந்த நினைப்பில் ஓரளவு நியாயம் உண்டு. கொஞ்சம் மேட்டிமையும் உண்டு. இரண்டு இடத்திலும் அடி வாங்கியவர்கள் பெண்கள் என்பதையும் பார்க்காமல் கடக்க முடியவில்லை.

ஜனரஞ்சகப் பாட்டு என்பதே இரசிகருக்கு ஒவ்வாமை என்று சொல்லிவிடவும் முடியாது. ஒஸ்லோவின் கிழக்கில் வாலரெங்காவின் மைதானத்துக்குப் போனால், க்ளானன் என்ற இரசிகர் கூட்டம் கழுத்துத் துண்டுகளை உயர்த்தி வாலரெங்கா தேவாலயத்தைப் பற்றிய பாட்டைப் பாடுவதைக் கேட்கலாம். அந்தத் தேவாலயம் 1979இல் எரிந்து, பிறகு மீண்டும் கட்டப்பட்டது. வழிபாட்டுக்கென்று எழுதிய பாட்டல்ல அது. பேட்டையைப் பற்றிய சாதாரணப் பாட்டு. அதை இரசிகர்கள் எடுத்துத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். ஆகவே அவர்கள் மறுப்பது பாட்டையல்ல, மேலிருந்து இறக்கிய பாட்டை.

அப்படியானால் இரசிகர் சொல்வதே முடிவு என்று விட்டுவிடலாமா? நோர்வே இதற்கு நல்ல பரிசோதனைக்கூடம். இங்கே கழகங்கள் அங்கத்தவர்களுக்குச் சொந்தம். இரசிகர் ஆண்டுக் கூட்டத்தில் கையுயர்த்தி வாக்களிக்கலாம். வி.ஏ.ஆர். எனும் காணொளி மத்தியஸ்த முறைக்கு எதிராக 2024 ஜூலையில் துரொண்ட்ஹைமில் மீன் கேக்குகளையும் டென்னிஸ் பந்துகளையும் வீசி ஓர் ஆட்டத்தையே நிறுத்தினார்கள். 2025 ஜனவரியில் முதல் இரண்டு பிரிவுகளின் 32 கழகங்கள் 19-13 என்று அந்த முறையைக் கைவிட வாக்களித்தன. இரசிகர் வென்றதாகத் தோன்றியது. மார்ச்சில் நோர்வே உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் பேரவை கூடியபோது 321-129 என்று வி.ஏ.ஆர். நிலைத்தது. 2021இல் கட்டார் உலகக் கிண்ணத்தைப் புறக்கணிக்கும் கோரிக்கைக்கும் இரசிகர்கள் வலுவாகக் குரல் கொடுத்தார்கள். அதுவும் பேரவையில் 368-121 என்று தோற்றது.

அந்தப் பேரவையில் பெரிய கழகங்களோடு சிற்றூர்க் கழகங்களும் மாவட்டங்களும் வாக்களிக்கின்றன. உதைபந்தாட்டம் என்பது பார்வையாளர் மேடையில் நின்று பாடுபவர் மட்டுமல்ல. செவ்வாய்க்கிழமை மழையில் பிள்ளைகளைப் பயிற்சிக்கு ஏற்றிப்போகும் பெற்றோரும்தான். ஒஸ்லோவின் குரூருட்டாலனில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு இது நன்றாகத் தெரியும். அவர்களில் பலருக்கு ஷக்கீராவின் பாட்டு இனிப்பாகவே இருக்கலாம். எனவே விசிலைக் கொண்டு மட்டும் இடைவேளை நிகழ்ச்சியைத் தண்டிக்க முடியாது.

தண்டிக்க வேண்டிய காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆட்ட விதிகளில் ஏழாவது, இடைவேளை வீரர்களின் உரிமை என்கிறது. 15 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. உரிமை என்ற இடத்தில் இரசிகரும் இல்லை, ஒளிபரப்பாளரும் இல்லை. இடைவேளையை 25 நிமிடமாக்கக் கேட்டது தென்னமெரிக்கச் சம்மேளனம். நெடுநேரம் அசையாமல் இருந்துவிட்டுத் திரும்ப ஓடுவது வீரரின் உடலுக்கு ஆபத்து என்ற கவலையால், 2021இல் விதிகளை வகுக்கும் சபையின் ஆலோசனைக் குழுக்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் 2024 ஜூலையில் மியாமியில் அதே சம்மேளனத்தின் கோப்பா அமெரிக்கா இறுதிப் போட்டி நடந்தபோது ஷக்கீரா பாடினார், இடைவேளை ஏறக்குறைய 25 நிமிடம் நீண்டது. கொலம்பியப் பயிற்சியாளர் நெஸ்டர் லொரென்சோ வெளிப்படையாகக் குறைப்பட்டார்: மற்ற ஆட்டங்களில் வீரர்கள் தாமதமாக வெளியே வந்தால் அபராதம் விதிப்பவர்கள் இவர்கள். ஓராண்டு கழித்து நியூ ஜெர்சியில் கழக உலகக் கிண்ண இறுதிப் போட்டி. புல்தரை கெடாதிருக்க மேடையை மேல் இருக்கைகளுக்கு நடுவே அமைத்தார்கள், பாராட்டத்தக்க கவனம். புல்லுக்குக் கிடைத்த அந்தக் கவனம் வீரரின் தசைநார்களுக்குக் கிடைக்கவில்லை. அங்கும் 15 நிமிடம் தாண்டியது.

ஏழாவது விதியில் ஒரு சந்தும் உண்டு. மத்தியஸ்தரின் அனுமதியுடன் இடைவேளையின் நீளத்தை மாற்றலாம். அவசரத்துக்கென்று வைத்த கதவு அது. முன்கூட்டியே நுழைவுச்சீட்டு விற்ற கச்சேரிக்கு அதைத் திறப்பது விதியை மதிப்பதாகாது.

இடைவேளைக் கலையே குற்றம் என்று நான் சொல்லவில்லை. 2010 மே 29, ஒஸ்லோவை ஒட்டிய ஃபோர்னெபுவில் யூரோவிஷன் இறுதி நிகழ்ச்சி. மட்கொன் இருவர் குழு பாட, ஐரோப்பாவின் பல நகரச் சதுக்கங்களிலும் வீடுகளிலும் மக்கள் ஒரே நடனத்தை ஆடிய காட்சிகள் அதில் பின்னப்பட்டிருந்தன. நான் பார்த்த இடைவேளை நிகழ்ச்சிகளில் அதற்கு இணை அரிது. அங்கே இடைவேளை யாருடைய உடம்பிலிருந்தும் எடுக்கப்படவில்லை. வாக்கு எண்ண எப்படியும் நேரம் தேவை.

என் தீர்ப்பு இது. இறுதிப் போட்டிக்கு முன்னால் பாடட்டும், கிண்ணம் கொடுத்த பிறகு விடியவிடியப் பாடட்டும். அதற்கு விசிலடிப்பவரை நான் ஆதரிக்கமாட்டேன். இடைவேளையை 15 நிமிடத்துக்கு மேல் நீட்டிப் பாடுவது தவறு, மைதானமே எழுந்து கைதட்டினாலும். 15 நிமிடத்துக்குள் அடக்கிப் பாடினால், இரசிகரின் வாக்குவாதத்தைக் கெடுத்ததாக எனக்கு மனத்தாங்கல் இருக்கும். தடுக்க உரிமை இல்லை. விதியை மாற்ற வேண்டுமென்றால் விதிச் சபையில் கேட்கலாம். அங்கே ஃபீஃபாவுக்கு நான்கு வாக்கு, பிரித்தானியச் சம்மேளனங்கள் நான்குக்கும் ஒவ்வொன்று, நிறைவேற ஆறு வேண்டும். நோர்வேக்கு அங்கே வாக்கில்லை. ஆனால் 2022இல் டோஹாவில் ஃபீஃபாவின் முகத்துக்கு நேரே பேசிய லிசே கிளாவெனெஸ்தான் இன்னும் நோர்வே சம்மேளனத்தின் முகம். 2025 ஏப்ரலில் இருந்து ஐரோப்பியச் சம்மேளனத்தின் செயற்குழுவிலும் இருக்கிறார். நோர்வே சம்மேளனம் இருக்கும் உலெவோலில் இருந்து ஒரு கடிதம் போகலாம்: 15 நிமிடம் என்று எழுதிய விதி எந்த ஆட்டத்துக்கு, அபராதம் யாருக்கு?