பிராட்மனின் இளமை: கதையும் சான்றும்

டான் பிராட்மனின் இளமையை எழுதுவோர் அநேகமாக எல்லோரும் பவுரல் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில்தான் தொடங்குகிறார்கள். தொட்டியைத் தாங்கிய வளைந்த செங்கல் சுவரில் சிறுவன் கோல்ஃப் பந்தை எறிவான். தாறுமாறாகத் திரும்பி வரும் அதை ஒற்றை ஸ்டம்பால் அடிப்பான். நிகழ்ச்சி உண்மை, அதற்குத் தரப்படும் எடைதான் மிகை. கண்ணின் கூர்மைக்கும் காலின் விரைவுக்கும் அது காரணம் சொல்லும்; எந்தப் பந்தை எங்கே அடிப்பது என்ற தேர்வுக்குச் சொல்லாது. 12 வயதில் பள்ளிக்காக 115 ரன் எடுத்தவர், பிறகு சில காலம் கிரிக்கெட்டை ஒதுக்கிவிட்டு டென்னிஸ் ஆடினார் என்பதையும் தொட்டிக் கதை மறைத்துவிடுகிறது.

ஆடுகளம் இன்னும் வலுவான சான்று. 18 வயதுவரை அவர் ஆடியது சிமெண்ட் தளத்தில் விரித்த மேட்டிங்கில். அங்கே பந்து நன்றாக எழும்பும். உயரம் குறைந்த பையன் அதைத் தரையோடு அடிக்க வேண்டுமானால் மட்டையின் முகம் மூடியிருக்க வேண்டும். கைகளை வழக்கத்துக்கு மேல் திருப்பிப் பிடித்த அவருடைய பிடி இந்தத் தேவையில் உருவானது. அதன் ஆதாயம், அடக்கமான, அபாயமற்ற புல் ஷாட். அதற்கான விலை, மட்டை நேராக வரவில்லை என்ற நியாயமான ஐயம்.

விங்கெல்லோவுக்கு எதிராக அவர் எடுத்த 234ஐப் புகழ்வோர், அந்த அணியின் பந்துவீச்சாளர் ஓ'ரைலியின் பந்தில் தொடக்கத்திலேயே இரண்டு கேட்சுகள் நழுவியதையும், அடுத்த வாரம் ஆட்டம் தொடர்ந்தபோது அதே ஓ'ரைலி முதல் பந்திலேயே அவரை போல்டாக்கியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் மதிப்பீடு முழுமையாகும்.

1927 டிசம்பரில், அடிலெய்டில், முதல்தர அறிமுகத்திலேயே 118. அடுத்த ஆண்டு பிரிஸ்பேனில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் அறிமுகம்: 18, 1. ஆஸ்திரேலியா 675 ரன் வித்தியாசத்தில் தோற்றது, அவர் நீக்கப்பட்டார். மழைக்குப் பின் மாறிய ஆடுகளம் அவருடைய முறையின் எல்லையைக் காட்டிவிட்டது. மூன்றாவது டெஸ்டில் திரும்பி வந்து 79, 112 எடுத்தார். எழுச்சியின் உண்மையான திருப்பம் இதுவே என்பது என் கணிப்பு. பிடியை மாற்றாமல், தேர்வைத் திருத்திக்கொண்டார்.

அந்தத் தொடரைப் பார்த்து எழுதிய பெர்ஸி ஃபெண்டர், இந்த முறை இங்கிலாந்தில் நிலைக்குமா என்று ஐயுற்றார். அந்த ஐயத்தில் காழ்ப்பு இல்லை. கண்ட குறையை வைத்தே பேசினார். ஆனால் குறையை எடைபோட்ட அளவுக்கு, கற்கும் வேகத்தை அவர் எடைபோடவில்லை. 1930இல் ஃபெண்டர் தலைமையேற்ற சர்ரேக்கு எதிராகவே பிராட்மன் ஆட்டமிழக்காமல் 252 எடுத்தார். அந்த இங்கிலாந்துப் பயணத்தின் ஐந்து டெஸ்டுகளில் 974 ரன், சராசரி 139.14.

அவற்றில் லீட்ஸில் எடுத்த 334ஐவிட லார்ட்ஸின் 254 மேலானது. முதல் பந்திலேயே இறங்கிவந்து பந்துவீச்சாளர் ஜாக் வைட்டை அடித்த அந்த ஆட்டத்தில் வேகமும் ஒழுங்கும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை. குறுக்கு மட்டை என்ற குற்றச்சாட்டு அங்கே விழுந்தது. ஈர ஆடுகளத்தைப் பற்றிய குற்றச்சாட்டு விழவில்லை. கடைசிவரை அவருடைய ஆட்டத்தில் நின்ற குறை அது.