பத்தாண்டு நீண்ட பாட்டு

ஒரு பாட்டை நடுவில் நிறுத்திவிட்டு, எட்டு ஆண்டுகள் கழித்து விட்ட இடத்திலிருந்து எடுத்துப் பாட முடியுமா? கேஸி கிரெசென்ஸோ பாடியிருக்கிறார். ‘பிட்டர் ஸ்வீட்’ என்ற பாட்டின் முதல் மூன்று பகுதிகள் 2007-ல் வந்த ஆல்பத்தில் இருக்கின்றன. நான்கும் ஐந்தும் ஆறும் 2015-ல் வந்த ஆல்பத்தில். முதல் பகுதிகளில் கதாநாயகன் உலகம் தெரியாத பையன். நகரத்துக்கு வந்து ஒரு பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்து, ‘தி டைம்’ என்ற விலைமாதர் விடுதிக்குள் நுழைகிறான். நான்காம் பகுதியில் மறுபடி அந்த உலகத்துக்குள் வருகிறபோது அவன் போர் பார்த்தவன். செத்துப்போன இன்னொருவனின் பெயரில் வாழ்கிறவன். இரண்டையும் ஒரே இரவில் அடுத்தடுத்துக் கேட்டேன். உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய், எழுந்து விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

‘தி டியர் ஹன்டர்’ என்ற பெயரில் அவர் செய்துவரும் இசையைப் பற்றித்தான் சொல்கிறேன். மாசசூசெட்ஸில் ‘தி ரிசீவிங் எண்ட் ஆஃப் சைரன்ஸ்’ என்ற ராக் குழுவில் பாடிக்கொண்டும் கிடார் வாசித்துக்கொண்டும் இருந்தவர் கிரெசென்ஸோ. அந்தக் குழுவுக்குப் பொருந்தாத பாட்டுகளும் மனதில் ஊறிக்கொண்டிருந்தன. அவற்றைத் தனியாகப் பதிவுசெய்து ‘டியர் மிஸ். லீடிங்’ என்று பெயரிட்டு, பத்தே பத்துப் பிரதிகள் எடுத்து நண்பர்களிடம் கொடுத்தார். பக்கத்தில் ஓடிய அந்தச் சின்ன வாய்க்கால்தான் பிறகு ஆறாகப் பெருகியது. 2006-ல் குழுவிலிருந்து விலகினார். ஆல்பத்துக்கு ஒரு பாகமாக அவர் சொல்லத் தொடங்கிய கதையின் முதல் பாகம் அதே ஆண்டு செப்டம்பரில் வந்தது. தம்பி டிரம்ஸ் வாசிக்க, அம்மா கூடப் பாட, பெரும்பாலான வாத்தியங்களைத் தானே வாசித்து முடித்த ஆல்பம் அது.

கதை இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் காலத்தில் நடக்கிறது. மிஸ். டெர்ரி என்றொரு தாய் விலைமாதர் விடுதியிலிருந்து தப்பி, ஏரியும் ஆறும் உள்ள ஒதுக்குப்புறத்தில் மகனை வளர்க்கிறாள். மிஸ். டெர்ரி என்பதைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், மிஸ்டரி, மர்மம். மகன் பின்னால் காதலிக்கப்போகும் பெண்ணின் பெயர் மிஸ். லீடிங். சேர்த்துச் சொன்னால் வழிதவற வைப்பவள். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அவன் காதில்தான் விழவில்லை. இந்தச் சொல்விளையாட்டு பிடிபட்ட நாளில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஊரை ஆட்டிவைப்பவன் இன்னொருவன். ஒரே ஆள், விடுதிக்குத் தரகன், தேவாலயத்துக்குப் பாதிரி. அவனைப் பற்றிய ‘தி பிம்ப் அண்ட் தி பிரீஸ்ட்’ பாட்டு கூத்துமேடைக்காரனின் துள்ளலோடு வரும். தாளம் போட்டுக்கொண்டே அவனை வெறுப்போம்.

ஏரிக்கரை, நகரம், போர்க்களம், மறுபடி நகரம் என்று கதை நகர்கிறது. புகார், மதுரை, வஞ்சி என்று ஊர் ஊராகப் போகும் காப்பியத்தில் பழகிய நமக்கு இதனோடு ஒட்டிக்கொள்ள அதிக நேரம் ஆகாது. இரண்டாம் பாகத்தில் ‘தி லேக் அண்ட் தி ரிவர்’ ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. தாய் போய்விட்டாள்; வளர்ந்த இடத்தை விட்டு மகன் கிளம்புகிறான். ஒன்பது நிமிடமா என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். நான் ஒரு முறைகூட அதை நடுவில் நிறுத்தியதில்லை.

மூன்றாம் பாகம் 2009-ல் வந்தது. முதல் உலகப்போர். என்னை உலுக்கிப்போட்ட பாட்டு இதில்தான் இருக்கிறது, ‘ஹி செட் ஹி ஹேட் எ ஸ்டோரி’. தான் விடுதிக்குப் போன ஓர் இரவைப் பற்றிப் போர்க்களத்தில் ஒருவன் பெருமையடித்துக்கொள்கிறான். இசை முரட்டுத்தனமாக, உற்சாகமாகக் குதிக்கிறது. நானும் தலையாட்டிக்கொண்டுதான் கேட்டேன். பிறகுதான் மெல்ல உறைத்தது, அவன் பேசுவது மிஸ். டெர்ரியைப் பற்றி. கேட்டுக்கொண்டு நிற்பவன் அவளுடைய மகன். பேசுகிறவன் அவனுடைய தகப்பன். ஆடிக்கொண்டிருந்த தலை அப்படியே நின்றுவிட்டது. இப்படி ஓர் இடத்துக்குச் சோக வயலின் போடாமல் ஆட்டம்போட வைக்கும் தாளத்தைக் கொடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அதற்கு முன்னால் வரும் ‘மஸ்டர்ட் கேஸ்’ பாட்டில் கிரெசென்ஸோ கத்துகிறார், தொண்டை கிழிகிறது. ஏரிக்கரையில் தாலாட்டு மாதிரி கனிந்த குரலும் இதுவும் ஒரே மனிதருடையவை.

அடுத்த பாகத்துக்கு ஆறு ஆண்டுகள். நடுவில் அவர் சும்மா இருக்கவில்லை. 2011-ல் ‘தி கலர் ஸ்பெக்ட்ரம்’ என்று கருப்பில் தொடங்கி வெள்ளையில் முடியும் ஒன்பது நிறங்கள், நிறத்துக்கு நான்கு பாட்டு, ஆக 36 பாட்டுகள். கருப்பு இயந்திரம்போல் இரைகிறது, பச்சையில் கிராமத்துக் காற்று, வெள்ளையில் கரைந்துபோகிற அமைதி. மனம் கனத்த நாட்களில் நான் கேட்பது பச்சையை.

2015-ல் நான்காம் பாகம் வந்தபோது, முதலில் வீட்டு மனிதர்களை வைத்துப் பதிவான கதைக்குப் பின்னால் கலிஃபோர்னியாவின் ‘ஆசம் ஆர்க்கெஸ்ட்ரா’ நின்றது. தம்பட்டமாக அல்ல, கதைக்குத் தேவையான இடத்தில் தேவையான அளவு. ‘எ நைட் ஆன் தி டவுன்’ பாட்டில் அந்த வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து எழும்போது, நகரமே தெருவில் இறங்கியதுபோல் இருக்கும். கதாநாயகன் அரசியலுக்கு வருகிறான். ‘கிங் ஆஃப் சோர்ட்ஸ்’ டிஸ்கோ தாளத்தில் மினுக்குகிறது. இதைக் குறைசொல்கிற ரசிகர்களும் உண்டு. நான் அவர்களோடு சண்டைக்கு நிற்பேன். பொய்ப் பெயரில் ஓட்டுக் கேட்கிறவனுக்கு மினுக்கும் இசையைத் தவிர வேறு எது பொருந்தும்?

நான்காம் பாகத்தோடு சேர்த்தே பதிவான ஐந்தாம் பாகம் 2016 செப்டம்பரில், அடுத்த ஆண்டே வந்துவிட்டது. முதல் பாகத்துக்கும் இதற்கும் நடுவே ஏறத்தாழப் பத்து ஆண்டுகள். இதில்தான் கணக்குகள் தீர்க்கப்படுகின்றன. ‘தி ஃபிளேம்’ பாட்டை இங்கே விவரிக்க மாட்டேன்; முந்தைய நான்கையும் கேட்டுவிட்டு வருகிறவர்களுக்கு அது சேரவேண்டிய சொத்து. கடைசிப் பாட்டின் பெயர் மட்டும் சொல்கிறேன், ‘எ பிகினிங்’. முடிவுக்குத் தொடக்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்.

பிறகு 2022-ல் ‘ஆன்டிமை’ என்று வேறொரு உலகம். எட்டு வளையங்களாகக் கட்டிய நகரம். வறுமை வெளி வளையத்தில், கோபுரம் நடுவில், வளையத்துக்கு ஒரு பாட்டு. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

கேட்கப்போகிறவர்கள் தயவுசெய்து பாட்டுகளைக் கலைத்துப்போட்டுக் கேட்காதீர்கள். வேலைசெய்துகொண்டே ஓடவிடவும் வேண்டாம். ஒரு மாலைக்கு ஒரு பாகம், கையில் பாடல் வரிகள், வரிசைப்படி. முதல் பாகம் வாத்தியமே இல்லாமல் வெறும் குரல்களாகத் தொடங்கும். அந்த மெட்டை மனதில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏரியைத் தேடி நீங்களும் திரும்பிவருவீர்கள்.